நூற்றிநாற்பது திரையும் சரியாக இருக்கிறது

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. சரிதா ஒரு ஆளைக் கொன்றாளா இல்லையா என்று அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து முடிவு செய்யப்போகிறார்கள். கொலை என்று யாரும் சொல்லவில்லை. "கவனக்குறைவு" என்றுதான் தாளில் அடித்திருந்தது. பெரிய இடத்துக்காரர்கள் எதையும் அதன் பேரைச் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். செத்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரிதா தணிகாசலத்தின் ஒரே மகள். இருபத்திமூன்று வயது. தாய் இல்லை. ஊருக்கு மேற்கே இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வார்டு கவுண்டரில் உட்கார்ந்து நோயாளிகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. திங்கட்கிழமை அங்கே மண்ணாங்கட்டி என்கிற கூலிக்காரர், காலில் சீழ் பிடித்து வந்து படுத்திருந்தவர், பென்சிலின் ஊசி போட்ட ஐந்தாவது நிமிஷம் மூச்சு முட்டிச் செத்துப்போனார். பென்சிலின் அவர் உடம்புக்கு ஆகாது. கம்ப்யூட்டரிலும் முதலில் 'பென்சிலின் ஆகாது' என்றுதான் ஏறியிருந்தது. அவர் வந்து சேர்ந்த மறுநாள், ஊசிக்கு முன்னால், காலை பதினொன்று இருபதுக்கு அது 'எதுவும் இல்லை' என்று மாறியிருக்கிறது. நர்ஸ் அதைப் பார்த்துத்தான் ஊசியை எடுத்திருக்கிறாள். மாற்றியது யார் என்று தோண்டினால் சரிதாவின் பேர் வந்து நின்றது.

"அந்த நேரத்துல நான் அவுரு பக்கத்தத் தொடவே இல்லப்பா," என்றாள் சரிதா. முத்தியால்பேட்டை வீட்டில், சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு, சாப்பிடாமல். "தனக்கொடின்னு ஒரு அம்மா புதுசா வந்து சேந்துச்சி. அதுக்குத்தான் அடிச்சிக்கினு இருந்தேன். மேல பேரு தனக்கொடின்னு கொட்டை எழுத்துல இருக்குது. அந்தம்மாவுக்கு எல்லா மருந்தும் ஒத்துக்கும். 'எதுவும் இல்லை'ன்னு அடிச்சேன். அவ்ளோதான்."

"நடுவுல வேற எதனா தொறந்தியா?"

"யாரோ சொந்தக்காரங்க வந்து மண்ணாங்கட்டி எந்தப் படுக்கன்னு கேட்டாங்க. படுக்கை லிஸ்ட்டத் தொறந்து, அவுரு பேரத் தட்டிப் பாத்துச் சொன்னேன்."

"சொல்லிட்டு லிஸ்ட்ட மூடுனியா?"

"எதுக்கு மூடணும்? நாள்பூரா அதாம்ப்பா வேலையே. பின்னால கெடக்கும்."

பின்னால் கிடந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் தணிகாசலம் ஒருத்தர்.

*

அந்த ஆஸ்பத்திரிக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேலையைச் செய்துகொடுத்த கம்பெனிக்கு அவர்தான் வாட்ச்மேன். கம்பெனி என்றால் கண்ணாடிக் கட்டடம் இல்லை. முத்தியால்பேட்டையிலேயே ஒரு மாடி வீடு. மேலே ஆறு கம்ப்யூட்டர், கீழே ஒரு ஸ்டூல். ஸ்டூல் தணிகாசலத்துக்கு. வேலை பார்த்த துணி மில் மூடினதிலிருந்து அவர் பார்த்த நாலாவது வேலை அது. நாலிலும் அவர் யாரையும் நம்பினது கிடையாது. மில்லை மூடமாட்டோம் என்று கையடித்துச் சொன்னவர்களை நம்பினதே வாழ்நாளுக்குப் போதும் என்பார்.

முதலாளி ஹரிகிருஷ்ணன். நாற்பது வயசு, நல்ல பேச்சு. அவரிடம் ஒரு பழக்கம். கம்ப்யூட்டரில் ஒரு திரையை, அதாவது விவரம் அடிக்கிற ஒரு பக்கத்தை, எழுதி முடித்ததும் வாட்ச்மேனை மேலே கூப்பிடுவார். என்னென்ன அடிக்கணும், எதைத் தட்டணும் என்று தமிழில் எழுதின ஒரு தாளைக் கையில் கொடுப்பார். தணிகாசலம் நாலாம் வகுப்பு. ஒத்தை விரலால், எழுத்தைப் படம் பார்க்கிற மாதிரி பார்த்துப் பார்த்து அடிப்பார். தப்பு வராமல் முடிந்தால் தாளின் அடியில் 'சரியாக இருக்கிறது' என்று அச்சாகியிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடணும்.

"நம்ம தணிகாசலம் தாண்டிட்டாருன்னா இந்த ஒலகத்துல எவனும் தாண்டிடுவான்," என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார் ஹரிகிருஷ்ணன்.

"கழுதை தாண்டுன பாலம்னு சொல்லுங்க மொதலாளி, ஒத்துக்கிறேன்," என்பார் தணிகாசலம். ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அந்த ஆஸ்பத்திரி வேலைக்கு நூற்றிநாற்பது திரை. அதை எழுதினவன் செல்வகுமார், கூட இரண்டு பேர். செல்வகுமார் நல்ல பையன். டீ வாங்கிவந்தால் கீழே இறங்கிவந்து ஸ்டூல் பக்கத்தில் நின்று குடிப்பான். ஒருநாள் தணிகாசலம் கேட்டார்: "மூணு பேரு எப்பிடிப்பா இவ்ளோ எழுதுறீங்க?"

"டேட்டா பைண்டிங் பெரியவரே. திரையில ஒரு பெட்டி இருக்குதில்ல, அதுக்கும் உள்ள இருக்கிற விவரத்துக்கும் ஒரு கயிறு கட்டிட்ற மாதிரி. இங்க அடிச்சா அங்க மாறும். அங்க மாறுனா இங்க தெரியும். நடுவுல தூக்கிக்கிட்டுப் போயி வெக்கிறதுக்கு நாங்க ஒண்ணும் எழுதத் தேவையில்ல."

"எத்தினி கயிறு?"

"ரெண்டாயிரம் இருக்கும்."

"எந்தக் கயிறு எங்க போவுதுன்னு யாருக்குத் தெரியும்?"

செல்வகுமார் டீயைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "மொதலாளிகிட்ட நான் கேட்டது இதத்தான்," என்றான்.

அவன் கேட்டதைத் தணிகாசலமும் காதால் கேட்டிருக்கிறார். மாடியில் கத்தினால் தெருவுக்கே கேட்கும். சின்னக் கடைக்கு, ஒரு டாக்டர் வைத்திருக்கிற கிளினிக்குக்கு, பத்து திரைக்கு, இந்தக் கயிற்றை மிஞ்ச ஒன்றும் இல்லை சார் என்றான் செல்வகுமார். நூற்றிநாற்பது திரையில் ஒரு பெட்டி மாறினால் எது எது சேர்ந்து மாறும் என்று எழுதின எனக்கே தெரியாது, பெரிய வேலைக்கு ஆள் 'சேமி' என்று அழுத்தினால்தான் உள்ளே போகணும், போகிறபோது யாருடைய விவரம் என்று ஒருதரம் கேட்டுவிட்டுப் போகணும் என்றான். அதை எழுத இன்னும் ஒரு வருஷம் ஆகும், ஆஸ்பத்திரிக்காரன் பொங்கலுக்குக் கேட்கிறான் என்றார் ஹரிகிருஷ்ணன். அதோடு பேச்சு முடிந்தது. பேச்சு எப்போதும் அங்கேதான் முடியும்.

முப்பத்தேழாவது திரையில்தான் வந்தது வினை. தாளில் 'படுக்கை லிஸ்ட்டை மூடிவிட்டு ஒவ்வாமைத் திரையைத் திற' என்று இருந்தது. தணிகாசலம் மூடவில்லை. எதற்கு மூடணும்? வீட்டில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகிறவன் ஒவ்வொரு தரமும் கதவைப் பூட்டிக்கொண்டா போகிறான்? படித்தவர்கள் தாளில் எழுதினபடி மூடிவிடுவார்கள். அவர் மூடாததால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. பின்னால் கிடந்த லிஸ்ட்டில் இன்னொரு பேரைத் தட்டிவிட்டு முன்னால் வந்தார். மேலே பழைய பேர் அப்படியே இருந்தது. கீழே இருந்த பெட்டிகள் மட்டும் புதுப் பேருக்காரனுடையதாக மாறியிருந்தன. தலை ஒருத்தனுக்கு, உடம்பு ஒருத்தனுக்கு. அவர் ஒரு வார்த்தை அடித்தார். அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். 'சேமி'யைத் தொடவே இல்லை. வேறு திரையில் போய்ப் பார்த்தால் அவர் அடித்தது எவனோ ஒருத்தன் பேரில் ஏறிக் கிடந்தது.

"மொதலாளி, இதப் பாருங்க. இது ஆளு மாறிப் போவுது."

ஹரிகிருஷ்ணன் வந்து பார்த்தார். செல்வகுமாரும் வந்தான். அவன் முகம் வெளுத்தது. "மேல பேரு காட்டுற லேபிள மட்டும் கட்டாம வுட்டுட்டோம் சார். மத்ததெல்லாம் ஒரே எடத்துல கட்டியிருக்குது. லிஸ்ட்டு நகந்தா எல்லாம் நகருது. இதுமாதிரி இன்னும் எத்தினி எடத்துல இருக்குதோ."

"தாள்ல என்னா எழுதியிருக்குது தணிகாசலம்? மூடிட்டுத் தொறன்னு இருக்குதா இல்லியா?"

"இருக்குது."

"நீ மூடல. அப்ப தப்பு யாரு மேல?"

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. "மொதலாளி, நான் மில்லுல முப்பது வருஷம் இருந்தவன். பழைய ஷெட்டுல மேல ஒரே தண்டு ஓடும், அதுலேருந்து அத்தினி தறிக்கும் தோல் பட்டை எறங்கும். இந்தக் கோடியில ஒருத்தன் தண்ட ஓட வுட்டான்னா, அந்தக் கோடியில பட்டையத் தள்ளி வெக்க மறந்தவன் கை போயிடும். மறந்தவன் தப்புன்னுதான் ஆபீஸ்ல எழுதுவாங்க. கை போனவனுக்குத்தான தெரியும், எவன் ஓட வுட்டான்னே அவன் பாக்கலன்னு."

"நல்லா கத சொல்ற. இப்ப மூடிட்டுச் செய்."

மூடிவிட்டுச் செய்தார். சரியாக வந்தது.

"கையெழுத்துப் போடு," என்றவர், பேனாவை நீட்டிக்கொண்டே சொன்னார்: "ஒம் பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிட்டுச் சும்மாதான இருக்குது? அங்க கவுண்டருக்கு ஆளு எடுக்குறாங்க. நான் ஒரு வார்த்த சொன்னா போதும்."

தணிகாசலம் செல்வகுமாரைப் பார்த்தார். செல்வகுமார் தரையைப் பார்த்தான். யாரையும் நம்பாத மனுஷன் பேனாவை வாங்கினார். முப்பத்தேழில் மட்டுமா, அதற்கப்புறம் வந்த நூற்றிமூன்றிலும் போட்டார்.

*

புதன்கிழமை காலையில் அவர் ஸ்டூலில் உட்காரவில்லை. நேரே மாடி ஏறினார்.

"எம்மொவ மாத்தல மொதலாளி. அது முப்பத்தேழாம் நம்பரு. ஒங்களுக்கே தெரியும்."

"உக்காரு தணிகாசலம்," என்றார் ஹரிகிருஷ்ணன். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "செத்துப்போனது பெரிய வெஷயம். எனக்கும் சங்கடம்தான். ஆனா நாங்க குடுத்த தாள் அத்தினியும் ஆஸ்பத்திரி ஃபைல்ல இருக்குது. நூத்திநாப்பது தாள். நூத்திநாப்பதுலயும் சரியா இருக்குதுன்னு ஒருத்தன் கையெழுத்துப் போட்டிருக்கான். யாரு அவன்?"

"போடச் சொன்னது நீங்க."

"நான் ஒன் கையப் புடிச்சா போட்டேன்?"

தணிகாசலம் செல்வகுமாரிடம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. நீதான் அன்னிக்கே சொன்ன, இது பெரிய வேலைக்கு ஆவாதுன்னு. அத அங்க வந்து ஒரு வார்த்த சொல்லு. எம்பொண்ணு தப்பிச்சிக்கும்."

செல்வகுமார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் எழுதுனது பெரியவரே," என்றான் மெதுவாக. "சொன்னா மொதல்ல என்னத்தான் புடிப்பாங்க."

"அப்ப அவளப் புடிச்சா பரவால்லியா?"

செல்வகுமார் விசைகளைத் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. அவன் என்ன அடிக்கிறான் என்று அப்போது தணிகாசலத்துக்குத் தெரியவில்லை.

"வெள்ளிக்கெழம நான் வருவேன்," என்றார். "நான் போட்டது பொய்க் கையெழுத்துன்னு சொல்லுவேன். என்ன உள்ள வெச்சாலும் சரி."

"வா," என்றார் ஹரிகிருஷ்ணன். "தாராளமா வந்து சொல்லு."

*

ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் சுப்பிரமணியன் கெட்ட மனுஷர் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். வாட்ச்மேன் என்று வெளியே நிறுத்தாமல் நாற்காலி போடச் சொன்னார். தணிகாசலம் சொன்னதை நடுவில் மறிக்காமல் கேட்டார். மேஜைக்கு அந்தப்பக்கம் ஹரிகிருஷ்ணனும் செல்வகுமாரும். இந்தப்பக்கம் சரிதா, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு.

"பேச்சு எதுக்கு? செஞ்சே பாத்துடலாம்," என்றார் டாக்டர். "நீயே செய்யும்மா. அன்னிக்கு எப்படிச் செஞ்சியோ அப்படியே."

சரிதா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். படுக்கை லிஸ்ட்டைத் திறந்தாள். மூடாமல் ஒவ்வாமைத் திரையைத் திறந்தாள். தணிகாசலம் எழுந்து அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றார். அவள் பின்னால் கிடந்த லிஸ்ட்டுக்குப் போய் வேறு பேரைத் தட்டினாள். ஒவ்வாமைத் திரைக்குத் திரும்பி வந்தாள்.

எதுவும் அசையவில்லை. மேலே இருந்த பேரும் கீழே இருந்த பெட்டிகளும் ஒரே ஆளுடையவை.

"இன்னொருதரம் செய்," என்றார் தணிகாசலம்.

இன்னொருதரம் செய்தாள். மூன்றாவது தரமும் செய்தாள். ஒரு வார்த்தை அடித்து அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள். 'இன்னாருடைய விவரம் மாறுகிறது, சேமிக்கலாமா?' என்று திரை கேட்டது. மரியாதையாக, பேரைச் சொல்லிக் கேட்டது.

"மாத்திப்புட்டானுங்க!" என்று கத்தினார் தணிகாசலம். "அய்யா, இது அது இல்ல. அன்னிக்கு இது கேக்காது. இந்த ஒரு திரைய மட்டும் இவன்தான் மாத்திட்டான், புதங்கெழம நான் கண்ணால பாக்க ஒக்காந்து அடிச்சிக்கினு இருந்தான்!"

டாக்டர் செல்வகுமாரைப் பார்த்தார். "மாத்தினீங்களா?"

"புதன்கிழமை ஒரு சின்ன அப்டேட் போட்டோம் சார்," என்றான் செல்வகுமார். "பிரிண்ட் சம்பந்தமா. இதுல கை வைக்கல."

படித்தவன் பொய் சொன்னால் அதில் ஓட்டையே இருக்காது.

டாக்டர் ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி மேஜைமேல் வைத்தார். முப்பத்தேழு. "இது உங்க கையெழுத்துதானே பெரியவரே?"

"எங் கையெழுத்துதான்."

"அன்னிக்கு சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தீங்க. இன்னிக்கு அது பொய்யிங்கிறீங்க. அப்பன்னா நீங்க பொய் எழுதக்கூடியவரு. பொண்ணுக்காக இன்னிக்குச் சொல்றது மட்டும் நெசம்னு நான் எப்படி எடுத்துக்க?"

டாக்டர் இடத்தில் இருந்தால் தணிகாசலமும் அதைத்தான் கேட்டிருப்பார்.

"விடுங்க சார்," என்றாள் சரிதா. எல்லாரும் திரும்பினார்கள். "நானே மாத்தியிருப்பேன். கூட்டமா இருந்துச்சி அன்னிக்கு. பேரப் பாக்காம அடிச்சிருப்பேன். எழுதிக் குடுத்துட்றேன்."

"ஏய், என்னா பேசுற நீ?"

"அப்பா, நீ சும்மா இரு."

ஒரு பக்கம் எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. வேலையிலிருந்து நீக்குகிறோம், போலீஸ் கேட்டால் இந்தத் தாளைக் கொடுப்போம் என்று டாக்டர் சொன்னார். அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மாடிப்படியில் தணிகாசலம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீ மாத்தலன்னு ஒனக்குத் தெரியாதா? என்னாத்துக்கு எழுதிக் குடுத்த?"

"தெரியும்னுதாம்ப்பா இருந்தேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "மூணு தடவ செஞ்சி பாத்தனே. அசையலியே. அப்ப நான்தான? மேல தனக்கொடின்னு பாத்தேங்கறதே எனக்கு இப்ப சரியா நெனப்பு இல்ல. மண்ணாங்கட்டின்னே இருந்திருக்குமோ என்னமோ."

"சரிதா, நான் பாத்திருக்கேன்டி. இந்தக் கண்ணால பாத்திருக்கேன்."

"அப்ப ஏன் கையெழுத்துப் போட்ட?"

கீழே கூட்டம். பஸ்ஸில் வந்து இறங்கின நோயாளிகள், பையும் பாயும் டிபன் கேரியருமாக. கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்து நிழலில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. இறப்புச் சான்றிதழுக்கு எழுதின தாளில் ஏதோ குறையாம், மூன்று நாளாக வந்து வந்து போகிறாள். மண்ணாங்கட்டியின் பெண்டாட்டி அஞ்சலாட்சி.

தணிகாசலம் மகளை வேறு வழியாகத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். அவள் கையை உதறிக்கொண்டு நேரே போய் அந்தப் பொம்பளைக்கு முன்னால் நின்றாள்.

"அக்கா," என்றாள். "ஒங்க வூட்டுக்காரருக்கு அத மாத்தி எழுதுனது நான்தான்."

அஞ்சலாட்சி நிமிர்ந்து பார்த்தாள். யார் என்று புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தணிகாசலம் ஓடிவந்தார்.

"நீயாம்மா?" என்றாள் அஞ்சலாட்சி. "நீ எப்பிடிம்மா மாத்துவ? எந்த ஊசி ஆவாதுன்னு அந்தாளுக்கு வாயில பேரே வரல. நீதான் விடல. பழைய சீட்டு எதனா இருக்குதா பாருங்கன்னு என்ன வூட்டுக்கு அனுப்பிச்சி எடுத்தாரச் சொன்ன. அதப் பாத்துப் பாத்து, எனக்குப் படிச்சிக்காட்டி, பொட்டியில அடிச்ச. நான் பக்கத்துல நின்னு பாத்தனே. அடிச்சது எங்கம்மா போச்சி?"

சரிதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ சொல்லுய்யா," என்று அஞ்சலாட்சி அவரிடம் திரும்பினாள். "ஒனக்குத் தெரியுமா? எங்க போச்சி?"

எங்கே போனது என்று தணிகாசலத்துக்குத் தெரியும். இரண்டாயிரம் கயிற்றில் எந்தக் கயிறு என்றுகூடத் தெரியும். சொன்னால் தன் கையெழுத்தையும் சேர்த்துச் சொல்லணும். அஞ்சலாட்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்காக உட்கார்ந்திருந்தாள்.